பழம்பலகையும் பட்டணத்துப் பிள்ளைகளும்

கொழும்பு மாநகரின் தொடர்மாடி வீடுகளிலே பிள்ளை வளர்க்கும் எம்போன்றோர் நாளொன்றுக்கு எத்தனை முறை "தொடாதே" என்று சொல்லுகிறோம்? "ஏறாதே", "ஊத்தை", "விழுந்துவிடுவாய்" என்பனவற்றையும் சேர்த்தெண்ணினால், வேறெந்தச் சொல்லையும் நாம் இவ்வளவு தாராளமாக வழங்குவதில்லை. அன்பினாலேயே சொல்லுகிறோம், ஐயமில்லை. ஆயினும் அவ்வன்பு பிள்ளையின் கைகளுக்கு விட்டுவைப்பது யாது? கைத்தொலைபேசியின் கண்ணாடி ஒன்றே. அதனைத் தொடுவதற்கு மட்டும் வீட்டில் தடை குறைவு.

விளையாடுதற்கு இடமே இல்லையென்று சொல்ல முடியாது. பூங்காக்களில் ஊஞ்சல் உண்டு, சறுக்குமரம் உண்டு. ஆனால் சறுக்குமரத்தில் செய்யத்தக்கது சறுக்குதல் ஒன்றே. ஐந்தாறு முறை சறுக்கிய பிள்ளை, கீழிருந்து மேலாக ஏற முயலுகிறது. உடனே காவற்காரர் அதட்டுகிறார். அப்பிள்ளை குறும்பு செய்யவில்லை. அப்பொருளிலே எஞ்சியிருந்த ஒரேயொரு புதுமையைக் கண்டுபிடித்தது, அவ்வளவே.

இதனைத் தெளிவுறக் கண்டவர் டென்மார்க்கு நாட்டுப் பூங்கா அமைப்பாளரான சோரன்சன் என்பவர். அழகுற அமைத்த விளையாட்டிடங்களை விட்டு, வீடு கட்டும் நிலங்களிலே கிடந்த செங்கல்லையும் பலகையையும் பிள்ளைகள் நாடிச் செல்வதை அவர் கவனித்தார். பழம்பொருள்களைக் குவித்து அவர்களிடமே ஒரு நிலத்தை ஒப்படைத்தால் என்ன என்று 1931 ஆம் ஆண்டிலே ஒரு நூலில் எழுதினார். அந்நிலம் உருப்பெற்றது பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர். கோப்பன்கேகன் நகரத்து எம்ட்ரப் குடியிருப்பிலே, நாடு ஜேர்மனியரின் பிடியில் இருந்த 1943 ஓகஸ்ட் 15 ஆந் திகதி, அது திறக்கப்பட்டது. சுற்றிலும் மண்ணணை, உள்ளே பலகை, செங்கல், கயிறு, மண்வெட்டி, சுத்தியல். பிள்ளைகள் குழி தோண்டினர், குடில் கட்டினர், கட்டியதைத் தாமே பிரித்து வேறொன்று கட்டினர். தாம் அமைத்தவற்றுள் அதுவே பார்வைக்கு அவலட்சணமானது என்றும், தமக்கு அதுவே பேரழகு என்றும் சோரன்சன் பின்னாளிற் கூறியதுண்டு.

போர் முடிந்தபின் அங்கு சென்ற மாஜரி அலன் சீமாட்டி, இலண்டனிலே குண்டு விழுந்த வெற்று நிலங்களை இவ்வாறு பயன்படுத்தலாகாதா என்று 1946 இல் 'பிக்சர் போஸ்ற்' சஞ்சிகையிற் கேட்டார். இலம்பெத் பகுதியிலே குண்டுக்கிரையான பள்ளிக்கூடமொன்றின் நிலத்தில் 1955 இல் அத்தகைய இடமொன்று எழுந்தது. 'குப்பை' என்னும் பெயர் அயலவர் செவிக்குக் கசந்தமையால், ஆங்கிலேயர் அதனைத் 'துணிகர விளையாட்டு நிலம்' என்று வழங்கலாயினர். பெயர் மாற்றம் எமக்கு வியப்பளிக்கவில்லை. எந்த நாட்டிலும் அயலவர் அயலவரே.

இக்கதையைப் படிப்போர் பலகையையும் ஆணியையும் நினைவில் வைத்துக்கொண்டு, அங்கு நின்ற மனிதரை மறந்துவிடுகின்றனர். எம்ட்ரப்பின் முதற் பொறுப்பாளர் பேர்ட்டல்சன், முன்னாள் மாலுமி. பாலர் கல்வியிற் பயிற்சி பெற்றவர். பிள்ளைகளுக்கு எதனையுங் கற்பிப்பது தம் வேலையன்று என்று அவர் கருதினார். சுத்தியல் கேட்டவனுக்குச் சுத்தியல் கொடுப்பார். "இப்படிக் கட்டு" என்று சொல்லமாட்டார். ஆனால் அங்கேயே இருப்பார். இத்தகைய நிலங்களில் நிற்கும் பெரியவரின் வேலை நுட்பமானது. உயரமான கிளையில் ஏறும் பிள்ளைக்கு அது உயரமென்று தெரியும். ஏறுவதா இறங்குவதா என்ற கணக்கு அதனுடையது. மண்ணுக்குள் மறைந்த துருப்பிடித்த ஆணியோ, உள்ளே உளுத்துப்போன பலகையோ அதற்குத் தெரியாது. அவற்றைத் தேடி அகற்றுவது பெரியவரின் கடன். முன்னதில் தலையிடாதிருக்கவும், பின்னதிற் கண்ணயராதிருக்கவும் வேண்டும். எம்மிற் பலர் இதனைத் தலைகீழாகவே செய்கிறோம்.

யாழ்ப்பாணத்து வளவுகளிலே வளர்ந்த எம் தலைமுறையாருக்கு இவையெல்லாம் புதுமையல்ல. இரண்டு பனங்காய்களை ஒரு தடியிற் கோத்துக் கவர்த்தடியால் தள்ளினால் அது வண்டில். பழைய கிடுகு நான்கு கிடைத்தால் அது கொட்டில். சிரட்டையும் மணலும் சேர்ந்தால் விருந்து. ஒரு பொருள் பலவாக மாறவல்லதாயின் பிள்ளையின் கற்பனையும் விரியும் என்று சைமன் நிக்கல்சன் என்னும் ஆங்கிலேயர் 1971 இல் கட்டுரை எழுதினார். அவர் எழுதுமுன்னரே எம் வீட்டுக் கோடிப்புறத்தில் அது நடந்துகொண்டிருந்தது. எம் பிள்ளைகளுக்கோ கோடிப்புறமே இல்லை.

இரண்டாண்டுகளுக்கு முன், வெள்ளவத்தையில் எமது ஒழுங்கையிலே பழைய வீடொன்றை இடித்துப்போட்டு, அடுத்த கட்டடம் தொடங்கும்வரை நிலத்தைச் சும்மா விட்டிருந்தனர். தகரவேலியின் இடுக்கால் ஒழுங்கைப் பிள்ளைகள் ஏழெட்டுப்பேர் நுழைந்தனர். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், மூலை வீட்டுச் சிங்களச் சகோதரர் இருவர். கதவுநிலை ஒன்றும் செங்கற்களும் கொண்டு அவர்கள் ஒரு கப்பல் கட்டினர். நாம் மூன்றாம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எவர் மாலுமி என்ற வழக்கு மும்மொழியிலும் இரு நாட்கள் நடந்து, ஒருவாறு தீர்ந்தது. பத்தாம் நாள் அடுத்த வீட்டு அக்கா எம்மிடம் வந்தார்.

"ஆணி குத்தினால் ஆர் பொறுப்பு? ரயருக்குள்ளை தண்ணி நிக்குது. டெங்கு வந்தால்?"

அவர் சொன்னது வீண் பயமன்று. கோப்பன்கேகனில் இல்லாத இடர் எமக்குண்டு. ரயரும் சிரட்டையும் தகரப்பேணியும் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பின் தொட்டிலாகும். வாரமொன்று போதும். மறுநாளே இடுக்கை ஆணியடித்து மூடினர். எம் மகள் அன்று மாலை யன்னலருகே நின்று, "அம்மா, கப்பலுக்குள்ளை என்ரை செருப்புக் கிடக்குது" என்றாள்.

பின்னர் அதே அக்காவோடு அமர்ந்து நெடுநேரம் பேசினோம். ரயர் வேண்டாம், வேண்டுமாயின் துளையிட்டுத் தொங்கவிடலாம். மற்றப் பொருள்களை ஒவ்வொரு மாலையும் கவிழ்த்துவைக்க வேண்டும். ரோக்கியோ நகரத்து செத்தகாயாவில் அயற் பெற்றார் சேர்ந்து தொடங்கிய முயற்சி, 1979 இல் ஹனேகிப் பூங்காவிலே நிலைபெற்றது. தம் பொறுப்பிலே சுதந்திரமாக விளையாடுக என்பது அங்குள்ளோர் கைக்கொள்ளும் கொள்கை. அந்நகரில் நிலம் எம்மதிலும் அருமை என்று எடுத்துச் சொன்னபோது அக்கா சற்று இளகினார். ஆனால் ஆள் யார் என்று கேட்டார். அதுதான் கேள்வி. நிலத்தைக் காட்டிலும், சும்மா இருக்கத் தெரிந்த ஒரு பெரியவரைக் கண்டுபிடிப்பது கடினம்.

சனிக்கிழமைக் காலைகளில் ரியூசன் வகுப்பில்லாத பிள்ளைகள் ஒழுங்கையில் ஐவர் உளர். கோவிலொன்றின் பின்வீதியைக் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் தாம் வந்து இருப்பதாகவும், துண்டுப் பலகைகளைச் சேர்த்துவைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். சுத்தியல் நான்கு வேண்டுமாம். இரண்டு எம்மிடம் உண்டு. ஒன்று அக்கா தருகிறார்.