பெரியவங்க புக்கு

சாயங்காலம் நாலு மணி. உத்திரமேரூர் வட்டாரத்துக் கிளை நூலகம் ஒன்றின் இரும்புக் கதவு திறக்கிறது. அதற்கு முன்பே படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் காலையில் பாதியில் விட்ட தினத்தந்தியை முடிக்க வந்தவர். மற்றவர் மின்விசிறிக்காக வந்தவர். நூலகர் அம்மா விசிறியைப் போட்டுவிட்டு, கையெழுத்துப் பதிவேட்டைப் பிரித்து மேசை ஓரத்தில் வைக்கிறார். பேனாவை யாரும் எடுத்துப் போய்விடாமல் இருக்க நூலால் கட்டியிருக்கிறது.

அறை ஒன்றுதான். வருகிறவர்கள் அதை வயதுவாரியாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வாசலை ஒட்டிய பத்திரிகை மேசை அறுபதைத் தாண்டியவர்களுக்கு. சன்னலோர நீள மேசை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு. உள்மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தட்டு, சுற்றி வண்ணப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அது சின்னப் பிள்ளைகளின் இடம். எதிர்ச்சுவரில் ஆளுயர இரும்பு அலமாரிகள். நாவல், சிறுகதை, வரலாறு, வாழ்க்கை வரலாறு என்று மேலே காகிதம் ஒட்டியிருக்கிறது.

மூலையில் ஒரு பையன் வாய்விட்டுப் படிக்கிறான். மூன்றாவதோ நான்காவதோ இருக்கும். எழுத்துக் கூட்டும்போது மெதுவாகவும், சொல் பிடிபட்டதும் சத்தமாகவும் வருகிறது. பக்கத்தில் இருப்பவன் அவனைவிடக் கொஞ்சம் பெரியவன். பள்ளிக்கூடத்து வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பற்றிப் பெருமை பேசுகிறான். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து 2023இல் பள்ளிக் கல்வித்துறை கொண்டுவந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் அவை. “நான் ‘ஓடு’ முடிச்சிட்டேன். நீ இன்னும் ‘நட’தான்” என்கிறான். சின்னவன் பதில் சொல்லாமல் குரலை இன்னும் உயர்த்துகிறான். “மெதுவா, மெதுவா” என்று மேசையிலிருந்து குரல் வருகிறது.

பத்திரிகை மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வாழ்க்கை வரலாற்று அலமாரிக்குப் போகிறார். ஓய்வுபெற்ற வாத்தியார், எல்லோரும் ‘சார்’ என்கிறார்கள். தேட வேண்டிய வேலை அவருக்கு இல்லை; கை நேராக ‘என் சரித்திர’த்தில் போய் நிற்கிறது. உ.வே. சாமிநாதையர் 1940இல் ஆனந்த விகடனில் அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. 1942இல் அவர் மறைந்தபோது அது முடியாமல் நின்றது. இந்தப் பெரியவருக்கும் முடிக்கும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. முன்பகுதியிலேயே இருக்கிறார். திண்ணைப் பள்ளிக்கூடம், பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடிக் குடும்பத்தோடு ஊர் ஊராக இடம் மாறிய தகப்பனார், கடைசியில் பதின்வயதுப் பையன் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரும் இடம். அது வந்ததும் மூடி வைக்கிறார். மற்றவை, ஏடு தேடியதும் சிந்தாமணி பதிப்பித்ததும், அவர் வகுப்பில் பாடமாக நடத்தி முடித்தவையாக இருக்கலாம்.

நீள மேசையில் பேச்சே இல்லை. குரூப் 4 எழுதப் போகிறவர்கள். ஒரு பெண்ணின் முன்னால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல். பக்கத்து இளைஞனிடம் எட்டாம் வகுப்பு அறிவியல். பட்டம் வாங்கியவர்கள். தேர்வுக் கேள்விகள் பள்ளிப் பாடநூல்களிலிருந்தே வருவதால் மறுபடியும் ஆறாவதிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு உதட்டசைவில் ஒப்பிக்கிறாள். ‘கோபல்லபுரத்து மக்கள்’, கி. ராஜநாராயணன், சாகித்திய அகாதெமி, 1991. அவள் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், கி.ரா.வின் புத்தகங்கள் வரிசையாக இருக்கின்றன. அவள் திரும்புவதில்லை, திரும்ப நேரமில்லை.

ஐந்தரைக்கு வெளியே ஒரு கம்பெனிப் பேருந்து நின்று கிளம்புகிறது. ஒரகடம் பக்கம் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் இறங்குகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பையன் நூலக வாசலுக்கு வருகிறான். மீசை இப்போதுதான் அரும்பி நிற்கிறது. தங்கச்சி எடுத்துப் போன புத்தகத்தைத் திருப்பித் தர வந்திருக்கிறான். உள்ளே வரவேண்டுமானால் சேஃப்டி ஷூவைக் கழற்றவேண்டும். கீழே பார்க்கிறான், கயிறு கணுக்கால் வரை ஏறியிருக்கிறது. வாசலில் நின்றே கையை நீட்டுகிறான். நூலகர் அம்மா எழுந்து போய் வாங்கிக்கொள்கிறார். “நீ படிக்க ஒண்ணும் வேணாமா? முன்னெல்லாம் வருவியே.” “டைம் எங்க மேடம்.” போய்விடுகிறான்.

ஒன்பதாம் வகுப்புச் சீருடையில் ஒரு பெண் வந்து அரைமணி நேரம் ஆகிறது. இதுவரை உட்காரவில்லை. முதலில் உள்மூலைக்குப் போனாள். ‘டோட்டோசான்’ கண்ணில் பட்டதும் எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். ஏற்கெனவே படித்ததாக இருக்கவேண்டும். நீதிக்கதைகளையும் தெனாலிராமனையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும். அங்கிருந்து பெரிய அலமாரிக்கு வந்தாள். ஒரு நாவலை உருவி முதல் பக்கம் படித்தாள், வைத்தாள். இன்னொன்று. யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அவள் தேடுவது அங்கேதான் இருக்கிறது, பெரியவர்களின் அலமாரியில். ஆடு மேய்க்கும் பண்ணையத்துப் பிள்ளைகளைப் பற்றிய பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. சினிமாக் கொட்டகையில் சோடா விற்று அங்கேயே உறங்கும் பையன்களைப் பற்றிய அவருடைய ‘நிழல் முற்றம்’. நிஜாம் ஆட்சி முடியும் காலத்துச் செகந்திராபாத்தில், கிரிக்கெட் மட்டையோடு வளரும் சந்திரசேகரனைச் சொல்லும் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. தீண்டாமை என்றால் என்னவென்று தெரியாத வயதிலேயே அதைக் கண்ட ஒரு சிறுமியிலிருந்து விரியும், 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’. கே.ஏ. குணசேகரனின் ‘வடு’. தமிழில் வளரிளம் பருவத்தைப் பற்றி எழுதவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், ஆனால் வளர்ந்து முடித்தவர்களுக்காக. எடுக்கிறவர்களும் நாற்பதைத் தாண்டியவர்கள்தான். பதினாலு வயதுக்காரி வந்து நின்றால் ஒரு பக்கம் நரியும் காக்காவும், மறுபக்கம் குரூப் 4.

உத்திரமேரூருக்கு இது புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைச் சாசனம் இருக்கிறது. 921இல் வெட்டப்பட்டது. வாரியத்துக்கு வருகிறவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குக் கீழ் இருக்கவேண்டும் என்று கறாராக வரம்பு கட்டியது. குடத்திலிருந்து ஓலையை எடுக்கும் வேலையை மட்டும் ஒரு பாலனிடம் விட்டது. உள்ளே யார் பேர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது என்பதே அவனுக்கிருந்த தகுதி. அவன் எடுத்துத் தந்ததை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும் என்பதுவரை எழுதி வைத்தவர்கள். ஒன்றும் அறியாத பாலனுக்கு இடம் இருந்தது, எல்லாம் அறிந்த முப்பத்தைந்துக்கும் இடம் இருந்தது. பாதி தெரிந்து மீதியைத் தெரிந்துகொள்ளத் துடிக்கும் வயதுக்கு அந்தச் சுவரில் இடம் இல்லை.

நூலகத்துக்கு அப்படி இருக்க உரிமை கிடையாது. புத்தகம் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் வாய்க்கவேண்டும், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய புத்தகம் கிடைக்கவேண்டும் என்று 1931இல் விதி வகுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் முயற்சியில் 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இந்தப் பெண்ணின் வீட்டிலும் கட்டியிருப்பார்கள்.

அவள் ஒரு புத்தகத்தை மேசையில் வைக்கிறாள். பூமணியின் ‘வெக்கை’.

நூலகர் அம்மா அட்டையைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். “இது உனக்கு வேணாம் பாப்பா. பெரியவங்க புக்கு.”

“அசுரன் படத்தோட கதைதானே மேடம். டி.வி.ல பார்த்துட்டேன்.”

“படம் வேற, புக்கு வேற.”

அது உண்மைதான். 1982இல் வந்த நாவலில் கதை பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் தோளில் நடக்கிறது. தொடக்கத்திலேயே அவன் கையில் ஒரு கொலை விழுந்துவிடுகிறது. அதன்பிறகு அப்பாவோடு காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறான். பசியும் பயமும் பேச்சுமாகப் போகும் அந்த நாட்களில் அப்பனை அவன் புதிதாகத் தெரிந்துகொள்கிறான். 2019இல் படமானபோது பாரம் முழுவதும் அப்பாவின் தோளுக்கு மாறியது. தனுஷ் நடித்தது அப்பாவாக. பையன் கூட வருகிறவன் ஆகிவிட்டான். சினிமாவிலும் அவன் இடத்தைப் பெரியவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

‘என் சரித்திர’த்தோடு பின்னால் நிற்கும் சார் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். “குடும்மா. அவ வயசுப் பையன் கதைதானே?”

“அதான் சார் பயமா இருக்கு. நாளைக்கு அவங்க அம்மா வந்து என்னைக் கேட்டா?”

“எங்கம்மாவே படிக்கச் சொல்லுவாங்க மேடம்.” அவசரமாகச் சொல்கிறாள். பொய் என்பது மூன்று பேருக்கும் தெரிகிறது. சார் கூரையைப் பார்க்கிறார்.

நூலகர் அம்மா புத்தகத்தைப் பிரித்து நடுவில் ஒரு பக்கம் படிக்கிறார். திருப்பி இன்னொரு பக்கம். மேசைக்கு முன்னால் வரிசை சேர்கிறது. ஒரு பெண்மணி கையில் ரமணிசந்திரன் இரண்டு, மூலையிலிருந்து வந்த ‘ஓடு’ முடித்தவன் கையில் டைனோசர். அவசரப்படாமல் அந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கிறார். பிறகு தேதி முத்திரையை மையில் அழுத்திச் சீட்டில் பதிக்கிறார். அந்தச் சீட்டில் அதற்கு முந்தைய தேதி மங்கிப் போயிருக்கிறது.

புத்தகத்தை நீட்டுகிறார். அவள் பிடித்த பிறகும் உடனே விடவில்லை.

“படிச்சிட்டு வந்து நீயே சொல்லு, இதை எந்தத் தட்டுல வெக்கணும்னு. நீ சொல்ற இடத்துல வெச்சிடறேன்.”