தலைப்புச் செய்திக்குக் கீழே

2021 ஜனவரியில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு வந்து, இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தையும் அர்த்தமுள்ள அதிகாரப் பகிர்வையும் நினைவூட்டினார். தமிழர் எதிர்பார்ப்புகள் நிறைவேறுவது இலங்கையின் சொந்த நலனுக்கே நல்லது என்றார். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டே கொழும்புத் தூதரகத்தில் பணிக்கு வந்தவர் அவர். அந்தச் சொற்களுக்குக் கனம் இருந்தது.

இப்படி யாராவது வந்து பேசும்போதெல்லாம் நம் பத்திரிகைகள் அந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு நின்றுவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அந்தத் திருத்தத்தின் வழி வந்த வடக்கு மாகாண சபையையே பாருங்கள்: அதற்கு முதலும் கடைசியுமாகத் தேர்தல் நடந்தது 2013இல். 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. பிறகு எல்லாம் ஆளுநர் கையில். தேர்தல் ஏன் நடக்கவில்லை? 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதியதும் இல்லை. முடிச்சு விழுந்தது அங்கேதான்.

எங்கள் செய்தியாளர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: அடுத்த விருந்தினர் பேசும் நாளில், அந்தச் செய்திக்குப் பக்கத்திலேயே இந்த முடிச்சைப் பற்றியும் நாலு வரி எழுதுங்கள். நம் பிரதிநிதிகள் ஒவ்வொருவரிடமும், அந்தத் தேர்தல் சட்டத்தைத் திருத்த என்ன செய்தீர்கள் என்று கேட்டு, பதிலைப் பெயரோடு போடுங்கள்.