சாருக்கா, சாமிக்கா?

சுருட்டு என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறையூர்ச் சுருட்டுகள் ‘டிரிச்சினாப்பொலி’ என்ற பெயரில் கப்பலேறின. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். சர்ச்சில் புகைத்ததும் எங்கள் ஊர்ச் சுருட்டுதான் என்று திருச்சியில் யாரும் பெருமையோடு சொல்வார்கள். இந்தக் கதைகளில் புகைப்பவர், கொல்பவர், கண்டுபிடிப்பவர் எல்லோருமே ஆண்கள். இதே ஊரில் தமிழ் கற்பிக்கும் எனக்கு நாற்பத்தைந்து வயதுவரை அந்தச் சுருட்டின் ருசி தெரியாது.

சென்ற மாதம் ஒன்று வாங்கப் போனேன். “சாருக்கா மேடம், சாமிக்கா?” என்றார் கடைக்காரர். பொருத்தமான கேள்விதான். கருப்பசாமிக்கும் மதுரைவீரனுக்கும் சுருட்டு படைக்கிற மண் இது. கருப்பு இறங்கிய பெண் நடுத்தெருவில் சுருட்டைக் கேட்டு வாங்கிப் புகைத்தால் கூட்டம் கும்பிடும். சாமி மலையேறியதும் அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள். புகைத்தது கருப்பு, அவளல்ல. “எனக்குத்தான்” என்றேன். அவர் முகம் மாறவில்லை. சானிட்டரி நாப்கினைச் சுற்றுவதுபோலப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தார்.

சுருட்டுக்கு மதிப்பெண் போடுவது உலகெங்கும் ஒரு தொழில். 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘சிகார் அஃபிஷியனாடோ’ இதழ் 100க்கு இத்தனை என்று போடுகிறது. தோற்றம், கட்டு, எரியும் விதம், சுவை என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அந்த மதிப்புரைகளில் தோல், தேவதாரு, ஓக் மரம் என்றெல்லாம் ருசிகள் வரும். ஒரு ஆண்கள் மன்றத்தின் நாற்காலியை நக்கிப் பார்த்ததுபோல் இருக்கும் அந்தச் சொற்பட்டியல்.

கே.கே. நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், இரவு ஒன்பது மணிக்கு, வரலாறு கற்பிக்கும் தோழியும் நானும் உட்கார்ந்தோம். விமான நிலையம் பக்கம் என்பதால் தலைக்கு மேல் தாழ்வாக ஒரு விமானம் போனது. “எதிர்வீட்டு மாமி பாக்கறாங்கடி” என்றாள். “பாக்கட்டும்.” சுருட்டுப் புகையை நுரையீரலுக்குள் இழுக்கக் கூடாது, வாயிலேயே வைத்திருந்து விட வேண்டும். முதல் இழுப்பில் மழை படாத வைக்கோல். கொஞ்ச நேரத்தில் பால் ஊற்றாத தேநீரின் துவர்ப்பு. பாதிவரை வந்தபோது வறுத்த மல்லியும், அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகும். மிதமான சுருட்டு என்று சொல்லித்தான் வாங்கியிருந்தேன், அதுவரை மிதமாகத்தான் இருந்தது. கடைசி மூன்றில் ஒரு பங்கில் மிளகு ஏறியது, பிறகு வேப்பம்பட்டையின் கைப்பு. சாம்பல் ஒரு அங்குலம்வரை உதிராமல் நின்றது. கட்டு நன்று. எரிதல் ஒரு பக்கம் கோணல்.

“இவ்வளவு சொல்றியே, எங்கேடி கத்துக்கிட்ட?” என்றாள். அடுப்படியில்தான். ரசம் ஒரு கொதி கூடிவிட்டதா, மல்லி ஒரு நொடி கருகிவிட்டதா என்று தினமும் நாக்கால் தீர்ப்புச் சொல்கிறவர்கள் பெண்கள். அதை யாரும் ரசனை என்று எழுதி வைப்பதில்லை. சமையல் என்று முடித்துவிடுவார்கள்.

என் அம்மாயி வேடசந்தூர்ப் பக்கம் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் இலையின் நடுநரம்பைக் கிழித்தெடுக்கும் வேலை பார்த்தவள். எந்த இலை சீராக எரியும், எது வாயைப் பொத்தும் என்று முகர்ந்தே சொல்வாள். அந்த மூக்குக்குத் தனிக் கூலி கிடையாது. ஈர இலை ஒடித்த நாட்களில் தலைசுற்றி வாந்தி எடுப்பாளாம். இலையின் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் என்பதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். வேலை முடிந்து திண்ணையில் உட்கார்ந்து ஒரு துண்டுச் சுருட்டு குடிப்பாள். அவள் தெருவில் வயதான பெண்கள் பலரும் குடித்தார்கள். அதை யாரும் புரட்சி என்றும் சொல்லவில்லை, ஒழுக்கக்கேடு என்றும் சொல்லவில்லை.

அம்மா ஆசிரியையாகி, கே.கே. நகரில் வீடு கட்டி, அம்மாயியை அழைத்துவந்தபோதுதான் சுருட்டு அசிங்கமானது. “டீச்சர் வீட்டுல சுருட்டு குடிக்கிறாங்கன்னு பேசுவாங்கம்மா.” அம்மாயி வாசலிலிருந்து கொல்லைக்கு, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போனாள். படிப்பு எங்கள் குடும்பத்துப் பெண்களுக்குச் சம்பளம் தந்தது, சொந்த வீடு தந்தது. கூடவே பிறர் பார்வைக்கு அஞ்சும் பழக்கத்தையும் தந்தது. சுருட்டை ஒளித்தவள், கன்னத்தின் உள்ளே வந்த புண்ணையும் ஒளித்தாள். காட்டினால் சுருட்டைப் பற்றிக் கேட்பார்களே. சோறு இறங்காமல் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது நேரம் கடந்துவிட்டது.

ஆந்திரக் கடலோரக் கிராமங்களில் பெண்கள் சுட்டாவின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். 10,169 பேரை ஆராய்ந்து 1971இல் வந்த ஆய்வு, அவர்களின் அண்ணத்தில் வரும் மாற்றங்களைப் பதிவு செய்தது. மருத்துவம் அந்த வாய்களைத் திறந்து பார்த்தது. அம்மாயியின் வாயைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் புகைத்தலை விடுதலை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். ‘விடுதலையின் தீப்பந்தங்கள்’ என்று பெயர். ஏற்பாடு செய்த எட்வர்ட் பெர்னேஸ் ஒரு சிகரெட் நிறுவனத்தின் விளம்பரத்துக்காக வேலை பார்த்தவர். அடக்கம் நம்மைக் கொல்லைக்கு அனுப்பியது என்றால், சந்தை நம்மை ஊர்வலத்தில் நடக்க வைத்தது.

தமிழில் புகையிலைக்கு ஒரு சிற்றிலக்கியமே உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடி, உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த ‘புகையிலை விடு தூது’. பழநி முருகனிடம் புகையிலையைத் தூது விடும் நூல். மூவரிடமும் ஒவ்வோர் இலை தரப்பட, சிவனின் வில்வமும் திருமாலின் துளசியும் நீரோடு போய்விட, பிரமன் கலைமகளிடம் கொடுத்து வைத்தது மட்டும் போகாமல் இருந்ததாம். ‘போகையிலை’தான் புகையிலை ஆனதாம். பாடம் நடத்தும்போது மாணவிகள் சொல் விளையாட்டை ரசித்துச் சிரிப்பார்கள். இலையைப் பத்திரமாக வைத்திருந்தவள் ஒரு பெண் என்பதை நான் இப்போது அழுத்திச் சொல்கிறேன். நடுநரம்பு கிழித்த கைகளைப் பற்றியும் சொல்கிறேன்.

“நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களா மேம்?” என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். ஒன்று. இன்னொன்று வாங்கும் எண்ணமில்லை. தோற்றம், கட்டு, எரிதல், சுவை எல்லாம் சேர்த்து 100க்கு 82 தருவேன், கோணலாக எரிந்ததற்குக் கழித்தது போக. அம்மாயியாக இருந்தால் முகர்ந்து பார்த்துவிட்டு இன்னும் குறைத்திருப்பாள். கையில் மிதமான சுருட்டு இருந்தாலும் அவளுக்குக் காரமானதுதான் பிடிக்கும்.