சங்கராந்தி மாலையில் மல்லேசுவரம்

பொங்கலன்று மாலை மல்லேசுவரத்துக் குறுக்குத் தெருக்களில், கன்னடச் சிறுமியர் பட்டுப் பாவாடை சரசரக்கத் தட்டேந்தி வீடுவீடாகச் செல்வதைக் காணலாம். எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்த ‘எள்ளு பெல்லா’வும் சர்க்கரை அச்சும் கரும்புத் துண்டும் கைமாறும். நம் குழந்தைகளும் உடன் செல்கின்றனர், செல்லட்டும். அண்டை வீட்டார் நட்புக்கு இதனினும் இனிய வாயில் ஏது? ஆயினும், ஆறரை மணிக்கெல்லாம் இருள் சூழ்ந்துவிடும். சம்பிகே சாலையைச் சிறுவர்கள் தனியே கடக்க விடலாகாது. பெரியவர் ஒருவர் கைப்பிடித்துச் செல்லுதல் அவசியம். (கரும்பைச் சுழற்றிக்கொண்டு ஓடும் பையன்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்!) இன்னொன்று: கடலையும் கொப்பரைத் துண்டும் 5 வயது நிரம்பாத மழலையின் மூச்சுக்குழலை அடைக்கவல்லவை, ஓடியாடித் தின்கையில் அபாயம் மிகுதி. அவர்கள் பங்கை வீட்டிற்குக் கொணர்ந்து, நன்கு பொடித்து, உட்காரவைத்துக் கொடுத்தால் சுவை சிறிதும் குன்றாது.