மறுக்கும் வலிமை

விளையாட்டுகளுள் சில உடலுக்கு வலிமை தருவன. சில அறிவுக்குக் கூர்மை தருவன. இன்னொரு வகையும் உண்டு. அது, ஆடுவோரை ஆளும் விளையாட்டு. பந்தைத் தொடாமலும் மட்டையைப் பிடிக்காமலும் ஓர் அணியின் மேலாளராக அமர்ந்து, யாரைச் சேர்ப்பது, யாரை விடுப்பது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்வதே அதன் இன்பம். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தையொட்டி இத்தகைய விளையாட்டுகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. 1961-இல் ஹால் ரிச்மன் என்பார் அட்டைகளையும் பகடைகளையும் கொண்டு ஆடும் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்னும் விளையாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1999-இல் ஜெர்மனியரான மார்க்கஸ் ஹைன்சோன் 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்' என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டார். இன்று வெவ்வேறு நாட்டினர் இணையத்தின் வழி ஒன்றுகூடி, ஆளுக்கோர் அணியை நடத்தி மகிழ்கின்றனர்.

இக்கணினி ஆட்டத்தில் நுட்பம் மிகுந்த கட்டம், ஆண்டுக்கு ஒருமுறை வரும் 'டிராஃப்ட்' எனப்படும் ஆள்தேர்வு. பள்ளி, கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர்களின் பட்டியல் திரையில் விரியும். அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். ஆனால், தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் இளைஞன் அணியில் சேர்ந்துவிடுவதில்லை. ஒருவன் வழக்கமான தொகைக்கு இணங்குவான். ஒருவன் அதனினும் பன்மடங்கு கேட்பான். மற்றொருவன் கல்லூரிக்கே செல்வேன் என்று உறுதியாக நிற்பான். பட்டியலில் மிகச் சிறந்தவன் யார் என்று காண்பது எளிது. அவன் எந்தத் தொகைக்கு இணங்குவான் என்று காண்பதே அரிது. மேலாளரின் திறமை வெளிப்படும் இடம் அதுவே.

இந்தப் பேரம் கற்பனையில் பிறந்ததன்று. 1964-இல் ரிக் ரெய்க்கார்ட் என்னும் கல்லூரி மாணவரைப் பல அணிகள் போட்டியிட்டு அழைத்தன. இறுதியில் ஏஞ்சல்ஸ் அணி இரண்டு இலட்சம் வெள்ளிக்கும் மேல் கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டது. இவ்வாறு ஏறிக்கொண்டே சென்ற செலவு அணி உரிமையாளர்களை அச்சுறுத்தியது. 1965-இல் ஆள்தேர்வு முறை நடைமுறைக்கு வந்தது. முதலாவதாகத் தேர்வு பெற்ற ரிக் மண்டே ஏறத்தாழ ஓர் இலட்சம் வெள்ளிக்குக் கையொப்பமிட்டார். ஓராண்டுக்குள் திறமையின் விலை பாதியாகக் குறைந்ததற்குக் காரணம் என்ன? முன்பு பலர் வாங்க வந்தனர். இப்போது ஒருவர் மட்டுமே வரலாம் என்பது விதியாயிற்று. வாங்குவோர் ஒருவரே எனின், விற்போர் தாழ்ந்து நிற்பது சந்தையின் இயல்பு.

அந்நிலையில் இளைஞனுக்கு எஞ்சிய படைக்கலம் ஒன்றே. அது 'வேண்டாம்' என்னும் சொல். பள்ளி முடித்தவன் நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும் வரை அல்லது இருபத்தொரு வயது ஆகும் வரை பொதுவாக எந்த அணியும் அவனைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஆகவே அவனுடைய மறுப்பு அணிக்கு இழப்பாகிறது. நான்காம் ஆண்டையும் முடித்துவிட்டவனுக்கோ வேறு வழியில்லை. கொடுப்பதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவனாகிறான். ஆகையால் அவனிடம் அணிகள் சில ஆயிரம் வெள்ளியிலேயே பேச்சை முடித்துக்கொள்வதுண்டு. அவன் திறமை குறைந்துவிடவில்லை; மறுக்கும் வலிமையே குறைந்துவிட்டது.

1991-இல் நியூயார்க் யாங்கீஸ் அணி, வட கரோலினாவைச் சேர்ந்த பிரையன் டெய்லர் என்னும் பந்து வீச்சாளரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. தந்தை கொத்தனார்; தாய் பெட்டி டெய்லர் நண்டு பதனிடும் தொழிலகத்தில் உழைத்தவர். முந்தைய ஆண்டில் மற்றொரு பள்ளி மாணவருக்கு 12 இலட்சம் வெள்ளி பெறுமான ஒப்பந்தம் கிடைத்ததை அத்தாய் அறிந்திருந்தார். தம் மகனும் அதற்குக் குறைந்தவன் அல்லன் என்று உறுதியாக நின்றார். கல்லூரி வகுப்புகள் தொடங்கும் நாள் நெருங்கும் வரை அவர் இறங்கி வரவில்லை. முடிவில் யாங்கீஸ் 15 இலட்சத்து 50 ஆயிரம் வெள்ளி கொடுத்தது. 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் டெய்லரின் தோள் சிதைந்தது. உயர்நிலைக் களத்தில் ஒரு பந்தைக்கூட வீசாமலே அவர் ஆட்ட வாழ்வு முடிந்தது. தாய் உறுதியாக நின்று பெற்றுத் தந்த தொகையே அவர் திறமை ஈட்டிய பெரும்பொருளாயிற்று.

2012-இல் விதிகள் மேலும் இறுகின. ஒவ்வோர் அணியும் புதியவர்களுக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்கு வரம்பு வந்தது. முதல் பத்துச் சுற்றுகளில் தேர்வான ஒருவர் கையொப்பமிடாவிட்டால், அவருக்குரிய பங்கு அந்த வரம்பிலிருந்து கழியும். 2014-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி பிராடி ஏய்க்கன் என்னும் பள்ளி மாணவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்து, 65 இலட்சம் வெள்ளி தர இசைந்தது. மருத்துவச் சோதனையில் முழங்கையைப் பற்றி ஐயம் எழவே, தொகையைக் குறைத்தது. ஏய்க்கன் மறுத்துவிட்டார். அவருடைய பங்கு வரம்பிலிருந்து கழிந்ததால், ஐந்தாம் சுற்றில் தேர்வான இன்னோர் இளைஞருக்குத் தருவதாகச் சொன்ன 15 இலட்சமும் இல்லாமற் போயிற்று. ஒருவர் பேரம் முறிந்ததில் மற்றொருவர் வாய்ப்பும் முறிந்தது. மறு ஆண்டு ஏய்க்கன் முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பின்னர் 17-ஆவதாகத் தேர்வு பெற்று, ஏறத்தாழ 25 இலட்சத்திற்கு இணங்கினார்.

அவரை இழந்ததற்கு ஈடாக ஆஸ்ட்ரோஸுக்கு 2015-இல் இரண்டாம் தேர்வு கிடைத்தது. அதில் அவ்வணி அலெக்ஸ் பிரெக்மனைச் சேர்த்துக்கொண்டது. 2012-இல் பள்ளி முடித்தபோது பாஸ்டன் அணி 29-ஆம் சுற்றில் தேர்ந்தெடுத்ததை மறுத்து, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றவர் அவர். மூன்றாண்டுப் பொறுமைக்குப் பின் அவர் பெற்ற தொகை 59 இலட்சம். மறுப்பு ஒருவருக்கு ஏணியாயிற்று, மற்றொருவருக்குச் சறுக்கலாயிற்று.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பேரத்தின் இலக்கணமும் அம்மூன்றே. கணினி ஆட்டம் இவற்றை எண்களாக்கிக் கற்பிக்கிறது. இளைஞனின் கோரிக்கை ஓர் எண்; கல்லூரி நாட்டம் ஓர் எண்; அவன் முழங்கை நலிவும் ஓர் எண். தோல்வியுற்ற மேலாளர் அடுத்த ஆண்டுக்குரிய பட்டியலைத் திறந்துகொள்ளலாம். பதினெட்டு வயது இளைஞனுக்கோ அவ்வயது ஒருமுறைதான் வருகிறது. திரையில் மறைந்துபோகும் ஒரு வரிக்குப் பின்னால், நண்டு பதனிடும் ஒரு தாயின் கைகள் இருப்பதை அந்த ஆட்டம் காட்டுவதில்லை.

ஆயினும், அது காட்டும் ஓர் உண்மை மாணவருலகம் மனங்கொள்ளத் தக்கது. வேலைக்கு அழைப்பவர் முன் நிற்கும் இளைஞனின் மதிப்பை அவனுடைய திறமை மட்டுமே முடிவு செய்வதில்லை. அவனுக்காகத் திறந்திருக்கும் மற்றொரு கதவும் முடிவு செய்கிறது. பிரெக்மனுக்குப் பல்கலைக்கழகம் அக்கதவாய் அமைந்தது. கல்வி பிழைப்புக்கு வழிகாட்டும் என்பர். தகாத விலை பேசுவோரிடம் தலைநிமிர்ந்து மறுத்துச் சொல்லும் துணிவையும் அது தருகிறது. அத்துணிவுடையவனிடம் உலகம் சற்று மதிப்புடனேயே பேரம் பேசும்.