ரேம் வாங்கப் போகும் பிள்ளைக்கு

மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது, ரேமைக் கூட்டினால் சரியாகிவிடுமா என்று சேலையூர், செம்பாக்கம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பலரிடம் இருப்பது அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. அதைத் தூக்கிப் போடாமல் ஓட்டப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் செலவாகப் போவது மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிஃப்ட் பார்க்கும் அம்மாவின் சம்பளம். குறை எங்கே என்று முதலில் பார்க்க வேண்டாமா? போரில் தண்ணீர் இறங்கிப்போன பிறகு பெரிய மோட்டார் மாட்டியவர்களை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பார்ப்பது சுலபம். வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி எப்போதும் 90 சதவீதத்தை ஒட்டியே நின்றால் ரேம் போதவில்லை. இடமில்லாமல் தகவலை ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்புவதும் திரும்ப எடுப்பதுமாக இருக்கும். அதனால் டிஸ்க்கும் 100-ஐத் தொடும். மெமரி பாதியில் நிற்க, டிஸ்க் மட்டும் 100 காட்டினால் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அங்கே ரேம் போட்டுப் பயனில்லை. எஸ்எஸ்டி மாற்ற வேண்டும். நான் பார்த்த பழைய கணினிகளில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

ரேம்தான் குறை என்று தெரிந்தாலும் உடனே ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறிவிடாதே. டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், கூட்டவே முடியாது. 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் வீண்.

விலையும் முன்போல் இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போக, 2025 கடைசியில் உலகமெங்கும் விலை ஏறியது. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. வாங்கி மூன்று நான்கு வருடமே ஆன கணினி, காலி ஸ்லாட்டும் உண்டு என்றால் அந்த விலையும் நியாயமான செலவுதான். பத்து வருடக் கணினிக்குத் தகாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. எவ்வளவு ரேம் போட்டாலும் அந்தக் காலத்துப் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. அந்தப் பழைய கணினியில் லினக்ஸ் போட்டுப் பார், செலவில்லை. அதுவும் சரிப்படாவிட்டால் ரேமுக்கு வைத்திருந்த காசை அப்படியே சேர்த்து வை. அடுத்த கணினிக்கு ஆகும்.