மணிக்கு இனிப்புநீர்

"செருப்பு வைக்கிற இடத்துல படுத்திருக்குமே, அந்த மஞ்சள் பூனை எங்கே?" என்று பல பேர் கேட்டுட்டீங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்ல முடியலை, அதனால இங்கேயே எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

மணி எங்க வீட்டுலதான் இருக்கான். அவனுக்கு இனிப்புநீர். நமக்கு வர்ற அதே இனிப்புநீர்தான்.

கால் கழுவுற தொட்டியில தலையை விட்டு ஓயாம தண்ணி குடிச்சான். நல்லா சாப்பிட்டும் எட்டு கிலோ இருந்தவன் ஐந்தரை ஆனான். பின்னங்கால் குதிகால் தரையில பட நடந்தப்பதான் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனேன். சர்க்கரை 24. பயத்துலயே பூனைக்கு சர்க்கரை ஏறும் என்பதால, சில வாரச் சராசரியைக் காட்டுற இன்னொரு ரத்தப் பரிசோதனையும் செஞ்சுதான் டாக்டர் உறுதியாச் சொன்னாங்க.

"நாங்க கொடுத்த சர்க்கரைப் பொங்கலாலயா டாக்டர்?" என்று கேட்டேன். உடம்பு பெருத்ததுதான் பெரிய காரணம், வயசும் சேர்ந்துக்கிச்சு என்றார். பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாதாம்! இத்தனை வருஷமா நெய்க்கும் பாலுக்கும்தான் வந்திருக்கான், திருட்டுப் பய. ஆனா அவனைப் பெருக்க வெச்சது நாமதானே.

இப்போ அவனுக்கு மாவு குறைந்த, மீன் கோழி கலந்த டின் சாப்பாடு. கோயில் வளாகத்துல அசைவம் வைக்க முடியாது. வீட்டுக்கு வந்தது அதனாலதான்.

காலை 7, மாலை 7, 12 மணி நேர இடைவெளியில ஊசி. முதல்ல சாப்பிடணும், அப்புறம்தான் ஊசி. காதை வெதுவெதுப்பான துணியால ஒத்தி, ஓரத்துல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பேன். மனுஷங்க மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைச்சுக் காட்டும், அதையும் கணக்குல வெச்சுக்கணும். அம்மாவும் இன்சுலின் போடறவங்க, அவங்க சிரிஞ்ச் யு-100. மணியோட மருந்து யு-40. சிரிஞ்ச் மாறினா அளவே மாறிடும் என்பதால அவனுடையதைத் தனி டப்பாவுல வெச்சிருக்கேன்.

இவ்வளவு ஜாக்கிரதையா இருந்தும் தப்பு நடந்துச்சு. என் தப்புதான்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவி வீட்டுக்கு வர 9 மணி. அம்மா தூங்கிட்டாங்க. எழுப்ப வேணாம்னு நானே இரண்டு யூனிட் போட்டேன். அம்மா 7 மணிக்கே போட்டிருந்தாங்க.

பதினொன்றரைக்கு மணி குடிகாரன் மாதிரி தள்ளாடி வந்து சுவர்ல முட்டினான். மீட்டர்ல 2.1. கை நடுங்குச்சு. கோயில் பையில அபிஷேகத்துக்கு வாங்கின தேன் பாட்டில் இருந்துச்சு. விரல்ல தொட்டு ஈறுல தடவினேன். நினைவு தடுமாறும்போது வாயில ஊத்தக்கூடாது, மூச்சுக்குழலுக்குப் போயிடும். கால் மணி நேரத்துல 3.4. தேன் கொஞ்ச நேரம்தான் தாங்கும், ஊசி இன்னும் வேலை செஞ்சிக்கிட்டே இருக்கும். அம்மா மணியை மடியில வெச்சுக்க, 24 மணி நேர கிளினிக்குக்கு ஓட்டினேன். விடியற வரைக்கும் அவனுக்கு குளுக்கோஸ் ஏறிச்சு.

வழி முழுக்க அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "எழுப்பியிருக்கலாமே, ஐயா." இன்னும் காதுல கேக்குது.

மறுநாள் டாக்டர் நல்லா வாங்கினாங்க. "போட்டாச்சான்னு சந்தேகம் வந்தா போடாதீங்க. ஒரு வேளை விட்டா சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ரெண்டு தடவை போட்டா உயிரே போகும்."

இப்போ ஐஸ்பெட்டி கதவுல ஒரு நோட்டு தொங்குது. நேரம், சர்க்கரை அளவு, எத்தனை யூனிட், போட்டது யார். எழுதாம மருந்தைத் திரும்ப உள்ளே வைக்கக்கூடாது. அம்மா தன் ஊசியையும் அதுலயே எழுத ஆரம்பிச்சிட்டாங்க, அது எனக்கு வசதியாப் போச்சு.

அளவு இப்போ ஒரு யூனிட்டா குறைஞ்சிருக்கு. சில பூனைக்கு ஊசியே தேவைப்படாமலும் போகுமாம். பார்ப்போம். இன்னைக்கு காலை 9.2.

கோயில்ல இன்னும் மூணு பூனை இருக்கு. பொங்கல், பாயசம், பால் வைக்காதீங்க, தண்ணி போதும். கேட்டுக்கு வெளியே அதுங்களுக்கு நாங்க சாப்பாடு வைக்கிறோம்.

அப்புறம், இந்த வெள்ளிக்கிழமை காய்கறி வெட்ட நாலு பேர் வேணும். 4 மணிக்கு வந்துடுங்க. நான் ஆறரைக்கெல்லாம் கிளம்பிடுவேன், ஏன்னு இப்போ தெரியும்ல.